பெத்தேல் மெஸ்ஸுக்கு வந்த ஆகர்ஷண மணி

திருவொற்றியூரில் அன்றைக்குப் பாதி ஹோட்டல்களில் கல்லாவில் ஆள் இல்லை. முதலாளிகள் எல்லாரும் ஒரு கல்யாண மண்டபத்தில் உட்கார்ந்திருந்தார்கள். காலியாகக் கிடக்கும் ஹோட்டலை நிரப்புவது எப்படி என்று கற்றுக்கொள்ள, ஹோட்டலைக் காலியாகப் போட்டுவிட்டு வந்திருந்தார்கள். டீக்கடை, டிபன் சென்டர், பிரியாணிக் கடை, லாட்ஜ் என்று ஒருவர் பாக்கியில்லை. நாற்காலி கிடைக்காதவர்கள் சுவரோரம் நின்றார்கள்.

மேடையில் 'வைப்ரேஷன்' வரதன். மேலே கோட்டு, கீழே பட்டு வேட்டி. ஒரு கையில் மைக், மறு கையில் பித்தளை மணி. பின்னால் திரையில் ஒரு அம்பு கீழிருந்து மேலே ஏறிக்கொண்டே இருந்தது. எதிலிருந்து எதற்கு ஏறுகிறது என்று யாரும் கேட்கவில்லை. மேலே போகிற அம்பைப் பார்த்தாலே வியாபாரிக்கு ஒரு ஆறுதல்.

"உங்க போட்டி எதிர்க்கடையில இல்ல. உங்க கடையோட எனர்ஜியிலதான் இருக்கு" என்றார் வரதன். ருசி, சுத்தம், விலை எல்லாம் பழைய காலத்து வியாபாரமாம். இனிமேல் எல்லாம் அதிர்வலையாம். ஒவ்வொரு ஹோட்டலுக்கும் தனித்தனி அதிர்வு கணித்து வார்த்த ஆகர்ஷண மணியை வாசலில் தொங்கவிட வேண்டும். அவர் போன் போட்டுச் சொல்லும் நேரத்தில் அடிக்க வேண்டும். அடித்த கொஞ்ச நேரத்தில் கூட்டம் வந்து நிற்கும். தனித்தனியாகக் கணித்த அத்தனை மணிகளும் ஒரே அட்டைப்பெட்டியிலிருந்து வெளியே வந்தன. அதை மண்டபமே பார்த்தது. பார்த்ததோடு சரி, கைதட்டப் போய்விட்டது.

எல்லாரையும் விடச் சத்தமாகக் கைதட்டியவர் சாலமோன். தெற்கே நாசரேத் பக்கத்திலிருந்து வந்து, எண்ணூர் போகிற ரோட்டில் பெத்தேல் மெஸ் நடத்துகிறவர். மீன் சாப்பாட்டுக்குப் பேர் போன மெஸ். போன வருஷம் எதிரே கண்ணாடி மாளிகையாக ஒரு ஏசி ரெஸ்டாரண்ட் வந்தது. போன் ஆப்பில் தள்ளுபடி, வாசலில் செல்ஃபி எடுக்க ஒரு ஊஞ்சல். சாலமோனின் மேஜைகளில் ஈ மட்டும் தள்ளுபடி கேட்காமல் உட்கார்ந்தது. மனுஷர் பயந்துபோனார். பயந்தவர் காதில் மணிச் சத்தம் இனிமையாகத்தான் விழும்.

மணியை மாட்டிய மூன்றாம் நாள் வரதனின் போன் வந்தது. "இப்ப அடிங்க." சாலமோன் அடித்தார். சாம்பாரில் பருப்பு வேகும் முன்னே லுங்கியும் துண்டுமாகப் பத்துப் பதினைந்து பேர் உள்ளே வந்து கை கழுவினார்கள். சாலமோனுக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த வாரமும் போன், மணி, கூட்டம். ஞாயிற்றுக்கிழமை சர்ச் மணி அடித்தபோதுகூட அவர் வாசலைத்தான் எட்டிப் பார்த்தார் என்று மனைவி பெர்சிஸ் சொல்வாள்.

வந்தவர்கள் எல்லாரும் கன்டெய்னர் லாரி டிரைவர்கள். அது சாலமோனுக்குத் தெரியும். ஆனால் அந்த ரோட்டில் ஹார்பருக்குப் போகிற லாரிகள் வரிசை கட்டி நிற்பது, பக்கத்தில் கடல் கிடப்பது மாதிரி. யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வரிசையின் வால் எந்த நாள் எந்தக் கடை வாசலில் நிற்கிறது என்று யார் கவனிப்பார்கள்?

பெர்சிஸ் கவனித்தாள். ஒருநாள் சாலமோன் சாமான் வாங்கக் கொத்தவால்சாவடிக்குப் போயிருந்தபோது வரதனின் போனை அவள்தான் எடுத்தாள். "சரி சார்" என்றாள். மணியின் நாக்கில் கரித்துணியைச் சுற்றிக் கட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தாள். கூட்டம் தப்பாமல் வந்து சாப்பிட்டுவிட்டுப் போனது.

சாலமோன் திரும்பி வந்ததும் இதைச் சொன்னாள். அவர் ஆடிப்போய் வரதனுக்கே போன் போட்டுக் கேட்டார். வரதன் அசரவில்லை. மணி அடிப்பது வெளி வேலையாம், அடிக்க வேண்டும் என்ற எண்ணம் உதித்தாலே உள்ளே அதிர்வு கிளம்பிவிடுமாம். சாலமோன் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டார். பெர்சிஸ் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

அத்தோடு விட்டிருந்தால் மெஸ்ஸுக்கு ஒரு பித்தளை மணியின் விலைதான் நஷ்டம். வரதன் இரண்டாம் கட்ட வளர்ச்சித் திட்டத்தோடு வந்தார். அடுப்படியை எட்டிப் பார்த்து மூக்கைச் சுளித்தார். அங்கே பூவம்மா நின்றிருந்தாள். புளியந்தோப்பிலிருந்து தினமும் வந்து, மெஸ் திறந்த நாளிலிருந்து மீன் குழம்பு வைக்கிறவள். அந்தக் கைக்கு ராசியில்லை என்றார் வரதன். மணி இழுத்து வருகிற கூட்டத்தை அந்தக் கை விரட்டுகிறதாம். ராசியுள்ள கைக்கார மாஸ்டர் ஒருவரை அவரே அனுப்புவாராம். அந்த மாஸ்டர் அவருடைய மச்சான் என்பது ராசிக் கணக்கில் சேராது.

பெர்சிஸ் கூடவே கூடாது என்றாள். எதிர்க் கட்டடத்தின் கண்ணாடி சாலமோனின் கண்ணில் பளபளத்துக்கொண்டே இருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பூவம்மாவைக் கூப்பிட்டு, வியாபாரம் சரியில்லை, நாளையிலிருந்து வர வேண்டாம் என்று தரையைப் பார்த்துச் சொன்னார்.

பூவம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். "சரி நைனா" என்றாள். "காசிமேட்டுல நாளிக்கு மீனு சொல்லிவெச்சுட்டேன். அத்த மட்டும் வந்து அறுத்துக் குட்த்துட்டுப் போறேன். இல்லாங்காட்டி வீணாப் பூடும்."

அன்று ராத்திரி சாலமோன் மணிக்குக் கீழே போய் நின்றார். தப்பு செய்துவிட்டோம் என்று தெரிந்தது. ஆனாலும் மணியைக் கழற்றத் துணிச்சல் வரவில்லை.

சனிக்கிழமை பெத்தேல் மெஸ்ஸில் நேரடி விளக்கம் என்று வரதனே அறிவித்திருந்தார். மத்தியானத்துக்குள் லாரி வரிசை மெஸ் வாசலுக்கு வந்துவிடும் என்று காலையில் அவருக்குச் சேதி வந்திருந்தது. அது வேறு யாருக்கும் தெரியாது. மண்டபத்தில் கைதட்டிய முதலாளிகள் வந்து நிறைந்தார்கள். முன் வரிசையில் ராயபுரத்துப் பிரியாணிக்கடை காத்தூன் பீவி. அவரும் ஒரு மணி வாங்கியவர்.

வரதன் பேசிக்கொண்டே அடிக்கடி போனைப் பார்த்தார். பெர்சிஸ் எழுந்தாள்.

"சார், ஒரு சந்தேகம் கேக்குதேன். போனும் வைப்ரேஷன்தானே? அந்த அதிர்வு மணியோட அதிர்வக் கெடுத்துராதா?"

"அதானே" என்றது கூட்டம். ஆளாளுக்குப் போனை எடுத்து நீட்டினார்கள். தன் சொந்தச் சரக்கையே மறுத்துப் பேச வரதனுக்கு வழியில்லை. அவர் போனும் கல்லாப்பெட்டிக்குள் போனது.

அதற்குப் பிறகு அவர் நிறையப் பேசினார். எனர்ஜி, பிராண்டு, பிரபஞ்சம் என்று சுற்றிச் சுற்றி வந்தார். பேசினாரே தவிர மணிப்பக்கம் போகவில்லை. காத்தூன் பீவிக்குப் பொறுமை போய்விட்டது. "தம்பி, அடுப்புல தம் போட்டுட்டு வந்திருக்கேன். அடிக்கிறதுன்னா அடிங்க."

வரதன் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கையாலும் மணியைப் பிடித்து அடித்தார். எல்லாரும் வாசலைப் பார்த்தார்கள்.

கூட்டம் வந்தது. பள்ளிக்கூடம் இல்லாத நாள் என்பதால் பக்கத்துக் குப்பத்திலிருந்து பிள்ளைகள் ஒரு பட்டாளமாக ஓடி வந்தன. எல்லார் கையிலும் சில்லறை. முன்னால் நின்ற பெண் குழந்தை உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு வரதனிடம் கேட்டாள்.

"பஞ்சு முட்டாய் வண்டி எங்கண்ணா கீது?"

யாரும் சிரிக்கும் முன்னே கல்லாப்பெட்டிக்குள் போன் அடித்தது. சாருக்கு இரண்டு கையும் மணியில் இருக்கிறதே என்று பெர்சிஸ் எடுத்தாள். 'பாஸ்கல் லாரி' என்று பேரை உரக்கப் படித்துவிட்டு ஸ்பீக்கரில் போட்டாள்.

"இன்னா சார், எம்மா நேரமா அட்ச்சிகினு கீறேன், எடுக்க மாட்றே" என்றது போன். "ஹார்பர் கேட்டு தொறந்துட்டாங்கோ. வண்டி அல்லாம் உள்ள பூந்துகினு கீது. மெஸ்ஸு பார்ட்டியாண்ட இன்னிக்கு மணி அடிக்க வேணாம்னு சொல்லிடு. சாய்ந்திரம் ராயபுரம் பக்கம் லைன் நிக்கும். அந்த பிரியாணிக்கார அம்மாவ அடிக்கச் சொல்லு."

பிரியாணிக்கார அம்மா மெதுவாகத் தலையைத் திருப்பி வரதனைப் பார்த்தார். வரதன் கோட்டைச் சரிசெய்துகொண்டு, இதற்குப் பெயர்தான் டேட்டா அனலிடிக்ஸ் என்று ஆரம்பித்தார். கூட்டம் முடிக்க விடவில்லை. அவர் போன பிறகு பார்த்தால் அவர் கொண்டுவந்த அம்பு போட்ட விளம்பரத் தட்டி மட்டும் வாசலில் சாய்ந்து கிடந்தது. அது அவர் ஓடிய திசையைச் சரியாகக் காட்டியது.

பின்கட்டில் பூவம்மா மீன் அறுத்து முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தாள். சாலமோன் போய் எதிரே நின்றார். உன் கைக்கு ராசியில்லை என்று அந்த ஆள் சொன்னதை நம்பினேன், வியாபாரம் சரியில்லை என்று சொன்னது பொய், என்னை மன்னிச்சிரு என்றார். இனிமேலும் வருவாயா என்று இந்தத் தடவை அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

பூவம்மா தன் கையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

"ராசியில்லாத கையா நைனா இது? இத்தினி வருசமா இத்துலதான மூணு வேளையும் துன்னுகினு கீறே. உனுக்கு இன்னா கொறஞ்சு பூட்ச்சு?"

சொல்லிவிட்டுக் குழம்புச் சட்டியை அடுப்பில் ஏற்றினாள். சாலமோனுக்கு அது போதும்.

முன்பக்கம் காத்தூன் பீவி பெர்சிஸிடம், அந்தப் பாஸ்கல் பையன் நம்பரைக் குறித்துக் கொடு, லைன் எங்கே நிற்கும் என்று நானே கேட்டுக்கொள்கிறேன் என்றார். அன்றைக்கு அந்த மெஸ்ஸில் ஒரு முதலாளி கேட்ட முதல் உருப்படியான விஷயம் அது. பெர்சிஸ் கணக்கோ இன்னும் ஒரு படி மேலே. வரிசை நகர்ந்துவிடும் என்று வண்டியை விட்டு இறங்காத டிரைவர்கள் எத்தனையோ பேர். திங்கட்கிழமை முதல் பூவம்மாவின் மீன் சாப்பாடு பொட்டலமாக லாரி ஜன்னலுக்கே போகும் என்றாள்.

ஆகர்ஷண மணியைப் பஞ்சு மிட்டாய்க்காரருக்கே கொடுத்துவிட்டார்கள். அவர் அடித்தால் இன்றைக்கும் கூட்டம் வருகிறது, ஏனென்றால் அவர் வண்டியில் மிட்டாய் இருக்கிறது. மணி அடித்தால் மிட்டாய் எங்கே என்று குப்பத்துக் குழந்தைகூடக் கேட்கிறது. அதைக் கேட்கத் தெரியாத பெரியவர்கள்தான் மண்டபம் மண்டபமாகக் கைதட்டிக்கொண்டிருக்கிறோம்.