கலியம்மாளைக் கண்டெடுத்தவர்

உலகத்தில் பாடுகிறவர்கள் உண்டு, கேட்கிறவர்கள் உண்டு. இந்த இரண்டிலும் சேராமல், இரண்டு பேருக்கும் நடுவில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மூன்றாவது இனம் ஒன்றும் உண்டு. அவர்தான் கண்டெடுப்பவர். நீங்கள் அவரைச் சந்தித்திருக்கிறீர்கள். தோளில் ஜோல்னாப் பை, பைக்குள் பழைய கேசட்டு, வாயில் "யாருக்குமே தெரியாது சார்" என்கிற ஒரே வாக்கியம். யாருக்குமே தெரியாதது இவருக்கு மட்டும் எப்படித் தெரிந்தது என்று கேட்டுவிடாதீர்கள். சொல்லிவிடுவார். இரண்டு மணி நேரம் ஆகும்.

பெரம்பலூரில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த அய்யம்பெருமாள் இந்த இனத்தின் தங்கமான மாதிரி. 2003ஆம் வருஷம் அரியலூரில் மூடிக்கொண்டிருந்த ஒரு சவுண்டு சர்வீஸ் கடையில், அறுந்த ஒயர்களுக்கும் உடைந்த குழாய் ஸ்பீக்கர்களுக்கும் அடியிலிருந்து அவர் இரண்டு கேசட்டுகளை எடுத்தார். மேலே ஒட்டியிருந்த சீட்டில் "கலியம்மாள், குன்னம் பக்கம்" என்று மட்டும் இருந்தது. வீட்டுக்கு வந்து போட்டுக் கேட்டார். அவருடைய டேப்ரிக்கார்டரில் பெல்ட் தளர்ந்திருந்ததால் பாட்டு மெதுவாக ஓடியது. ஜலதோஷம் பிடித்த ஓர் ஆண்பிள்ளை கிணற்றுக்குள் உட்கார்ந்து பாடுவதுபோல் இருந்தது. அய்யம்பெருமாளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "பெண்குரலில் இப்படியொரு கனமா!" என்றார். பெல்ட்டை மாற்றலாம் என்று மனைவி சொன்னதற்கு, "உனக்கு ரசனை கிடையாது" என்று பதில் வந்தது.

கண்டெடுப்பவருக்குப் பெரிய இடைஞ்சல் எது தெரியுமா? கண்டெடுக்கப்பட்டவர் உயிரோடு இருப்பதுதான். குன்னம் வழியாகப் போகும் பஸ்ஸின் கண்டக்டர் ஒருவர் அவர் கடைக்குக் கண்ணாடி மாற்ற வந்தபோது, கேசட்டுக் கதையைக் கேட்டுவிட்டு, "அந்தம்மாவா? நேத்துகூட நம்ம பஸ்ஸுலதான் சார் வந்துச்சு, வெங்காய மூட்டையோட. என்னயவே கேலி பண்ணி ஒரு பாட்டுப் பாடுச்சு" என்றார். அய்யம்பெருமாள் கருணையோடு சிரித்து, "அது வேற கலியம்மாளா இருக்கும்" என்று சொல்லி, அவருக்கு ஒரு நம்பர் கூட்டிக் கண்ணாடி எழுதிக் கொடுத்தார். குன்னத்துக்குப் போய் ஒரு நடை விசாரித்தாரா? ஏன் விசாரிக்க வேண்டும்? விசாரித்தால் தெரிந்துவிடுமே!

அதன்பின் ஆராய்ச்சி நடந்தது. கேசட்டின் முதல் பாட்டு இது:

"குன்னம் போற பஸ்ஸுக்குக் கண்ணு ரெண்டு உண்டு
கூலிக்காரி கைய நீட்டுனா குருடாவது உண்டு."

உங்களுக்கும் எனக்கும் இது நிற்காமல் போகும் பஸ்ஸைப் பற்றிய பாட்டு. அய்யம்பெருமாளுக்கு அப்படியில்லை. 'பஸ்' என்பது பிற்காலத்தில் யாரோ கெடுத்தது, மூலத்தில் 'பசு' என்றுதான் இருந்திருக்கும், பசு என்றால் ஆன்மா, குன்னம் என்றால் குன்று, குன்று என்றால் கைலாயம், ஆக இது கைலாயம் போகிற ஆன்மாவின் பாட்டு, காலம் பதினேழாம் நூற்றாண்டு, ஆசிரியர் பெயர் அறியப்படவில்லை, கலியம்மாள் வெறுமனே பாடிக் காப்பாற்றியவர் என்று இருபத்திரண்டு பக்கம் எழுதினார். இரண்டாவது பாட்டின் நடுவில் ஓர் ஆடு கத்துகிறது. அதற்கு மட்டும் மூன்று பக்கம்.

ஐந்நூறு சிடி போட்டார். "அமரர் கலியம்மாள்" என்று அட்டையில் அச்சடித்தார். படம் கிடைக்காததால், போர்டு எழுதும் பெயிண்டர் ஒருவரிடம் சொல்லிப் பல்லில்லாத ஒரு கிழவியை வரையச் சொன்னார். மண்டபம் பேசினார். ஆட்டோவில் ஸ்பீக்கர் கட்டி, "மறைந்த கிராமியப் பாடகி கலியம்மாள் அவர்களின் பாடல் வெளியீட்டு விழா! ஆசிரியர் அறியப்படாத அரும்பாடல்கள்!" என்று பெரம்பலூரிலிருந்து குன்னம்வரை கத்தவிட்டார். அங்கேதான் பிசகியது.

பாடாலூரில் கலியம்மாளின் அண்ணன் செல்லதுரைக்கு இந்தச் செய்தி விழாவன்று காலையில்தான் எப்படியோ போய்ச் சேர்ந்தது. அவர் பதறியடித்து, கோடிச்சேலையும் மாலையும் வாங்கிக்கொண்டு, ஒரு டெம்போ நிறையச் சொந்தக்காரர்களை ஏற்றிக்கொண்டு, வழியெல்லாம் அழுதபடி தங்கச்சி ஊருக்கு வந்து இறங்கினார். வாசலில் தங்கச்சி சின்ன வெங்காயத்துக்குத் தாள் அறுத்துக்கொண்டிருந்தார். வயது ஐம்பத்தைந்து. பல் முப்பத்திரண்டும் இருந்தது.

"என்னண்ணே, மாலையும் கையுமா? யாரு செத்தா?"

செல்லதுரை மாலையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். டெம்போவில் வந்த பெண்களில் இரண்டு பேர், ஆரம்பித்த ஒப்பாரியை எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் இன்னும் கொஞ்ச நேரம் அழுதார்கள். விஷயம் ஒருவாறு புரிந்ததும் கலியம்மாள் அரிவாளைக் கீழே வைத்தார்.

"நான் செத்தது போவட்டும்ண்ணே. எப்படியும் ஒரு நாளைக்குச் சாவுறதுதான். ஆனா பாட்டு எழுதுனது யாருன்னு தெரியாதுன்னு மைக்குல சொல்றானாமே? கொல்லையில வெயில்ல நின்னு ஒவ்வொரு வரியா நான் கட்டுன பாட்டுண்ணே அது. எனக்குன்னு இருக்கறது அது ஒண்ணுதான்."

சேலையை மாற்றிக்கொண்டார். அண்ணன் கொண்டுவந்த கோடிச்சேலைதான், புதிதாக இருந்ததே. அதே டெம்போவில் அத்தனை பேரும் பெரம்பலூருக்குக் கிளம்பினார்கள்.

மண்டபத்தில் பல்லில்லாக் கிழவிக்குச் சந்தன மாலை போட்டு, விளக்கேற்றி வைத்திருந்தார்கள். கலியம்மாள் நேராக மேடையருகே போய் நின்றார்.

"நாந்தாங்க கலியம்மா."

"எந்தக் கலியம்மா?" என்றார் அய்யம்பெருமாள்.

"செத்துப்போனவ."

"அம்மா, விழா நடக்குது. மனு குடுக்கறதா இருந்தா கடைசியா வாங்க" என்று சொல்லிவிட்டு, அவர் ஆட்டைப் பற்றிய உரையைத் தொடங்கினார். இந்த ஆட்டின் குரல் தற்செயலானதல்ல, உயிர்களின் ஒருமையைக் குறிக்கத் திட்டமிட்டு வைக்கப்பட்டது என்றார்.

"அது எங்க மச்சாண்டார் வூட்டு ஆடுங்க" என்று கீழேயிருந்து குரல் வந்தது. "எவ்வளவு வெரட்டியும் போவல. பாட்டுப் புடிக்க வந்தவரு, பரவால்ல பாடும்மான்னுட்டாரு."

சபை சிரித்தது. அய்யம்பெருமாள் சிடியைப் போடச் சொன்னார். கிணற்று ஆண்பிள்ளை பாட ஆரம்பித்தான். கலியம்மாள் அண்ணனைப் பார்த்து, "யாருண்ணே இந்த ஆளு? ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

இனியும் பொறுக்க முடியாமல் அய்யம்பெருமாள் அவரை மேடைக்குக் கூப்பிட்டார். "இந்தப் பாட்டு ஒங்களுதுன்னா பாடிக் காட்டுங்க, பாப்போம்." கலியம்மாள் பாடினார். கணீரென்று, மண்டபத்து மின்விசிறிச் சத்தமெல்லாம் அடங்கிப்போகும்படி பாடினார். அய்யம்பெருமாள் கையில் பென்சிலோடு தன் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டுவிட்டு, வருத்தத்தோடு தலையாட்டினார்.

"ரெண்டு எடத்துல தப்பு இருக்கும்மா. அசல்ல இவ்வளவு வேகம் கெடையாது. 'பசு'ன்னு வர்ற எடத்துல 'பஸ்'ஸுன்னு வேற பாடறீங்க. கொரலும் கலியம்மாள் கொரல் இல்ல. ஆனா முயற்சி பண்ணியிருக்கீங்க."

நூற்றுக்கு நாற்பது கொடுத்திருப்பார் என்று நினைக்கிறேன்.

கலியம்மாள் முகம் ஒரு கணம் சுருங்கியது. தன் குரலையே தனதல்ல என்று ஒருவர் அத்தனை பேர் முன்னால் சொன்னால் யாருக்குத்தான் சுருங்காது? அண்ணன் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு மேடையேறப் பார்த்தார். கலியம்மாள் கையைக் காட்டி அவரை நிறுத்தினார். மேசையிலிருந்த தண்ணீர்ச் செம்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே புதிதாக ஒன்று கட்டினார்:

"கண்ணாடிக் கடக்காரரு கண்டுபுடிச்சாரு
களத்துல நின்ன என்னயத் தாண்டிப் போனாரு
பஸ்ஸுன்னு நான் பாடி வச்சா பசுவுன்னு சொன்னாரு
பால் கறக்கச் செம்பெடுத்து வந்திருக்கேன் பாரு!"

மண்டபம் இரண்டுபட்டது. இரண்டாம் தடவை அவர் பாடும்போது சபையே சேர்ந்து பாடியது. அழ வந்திருந்த பெண்கள்தான் பலமாகக் கை தட்டினார்கள். பாட்டைக் கட்டியவர் யார் என்பதில் அதன்பின் அங்கே ஒருவருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

ஒருவரைத் தவிர. அய்யம்பெருமாள் இடிந்து உட்காரவில்லை. இந்த இனம் இடிந்து உட்காராது. அவர் கண்கள் பளபளத்தன. பையைத் துழாவி டேப்ரிக்கார்டரை எடுத்துக்கொண்டு ஓடிவந்து, "அம்மா, இது எந்த நூற்றாண்டு?" என்றார்.

"இந்த நிமிஷம்" என்றார் கலியம்மாள். "பேனா இருக்குங்களா? ஒக்காருங்க."

ஐந்நூறு அட்டைகளிலும் 'அமரர்' என்பதை அடித்துவிட்டு, 'பாட்டுக் கட்டியவர் கலியம்மாள்' என்று அய்யம்பெருமாள் தன் கைப்பட எழுதினார். செல்லதுரை எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். நூற்றெட்டாவது அட்டையில் கலியம்மாளின் 'ம்' விட்டுப்போயிருந்தது. திருப்பி எழுதச் சொன்னார். எழுதி முடிந்ததும் கலியம்மாள் ஒரு சிடியை வாங்கிப் பார்த்து, தன் பேரை விரலால் ஒரு தடவை தடவிவிட்டு, முந்தானையில் முடிந்துகொண்டு டெம்போவில் ஏறினார்.

அய்யம்பெருமாள் திருந்தினாரா என்று கேட்கிறீர்கள். அடுத்த மாதம் அவர் கடை வாசலில் ஒரு புதுப் பலகை தொங்கியது: "கலியம்மாள் உயிருடன் இருப்பதை முதன்முதலில் கண்டுபிடித்தவர்."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் இதைப் படித்து முடித்ததும் அந்த நாலு வரிப் பாட்டை நண்பர் ஒருவரிடம் போய்ச் சொல்ல உங்களுக்கு நாக்கு பரபரக்கும். சொல்லுங்கள், தப்பில்லை. நண்பர் அதைக் கேட்டுவிட்டு, "அட, கலியம்மாளா? எங்க அத்தை ஊருக்காரம்மாதான், சின்னதுலேருந்து கேட்டிருக்கேனே" என்பார். அப்போது உங்கள் நெஞ்சில் லேசாக ஓர் எரிச்சல் தட்டுகிறதா என்று மட்டும் கவனியுங்கள். "அது வேற கலியம்மாளாக இருக்கும்" என்று வாய்வரை வந்துவிட்டால், தாமதிக்காதீர்கள். நல்ல மண்டபமாகப் பார்த்து முன்பணம் கொடுத்துவிடுங்கள்.