காணிக்கை போட்ட கொக்கு

தூத்துக்குடி,
திங்கள் இரவு.

அன்புள்ள நாசரேத்து மதினிக்கு,

ஜெயபிரியா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே ஒருவர் சுகம். இன்னொருவரைப் பற்றித்தான் இந்தக் கடிதம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

நம்மைக் கண்டதும் பறந்துபோகிற ஒன்றைப் பார்க்க ஒருவர் எதற்காக விடியுமுன் எழுந்து போக வேண்டும்? விலங்கியலில் எம்.எஸ்ஸி. படித்து, கல்லூரியில் அதையே நடத்தியும் வருகிற எனக்கு இதற்குப் பதில் தெரியவில்லை.

கிறிஸ்துமஸுக்குப் பிறகு உங்கள் தம்பிக்கு இருதயத்தில் ஸ்டென்ட் வைத்ததும், அவர் யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்தே படுத்துக் கிடந்ததும், நீங்கள் வந்து ஜெபித்துவிட்டுப் போனதும் உங்களுக்குத் தெரியும். டாக்டர் நடக்கச் சொன்னார். எதிர்வீட்டு ஃபிராங்க்ளின் அண்ணாச்சி பூங்காவுக்கு அழைத்துப் போனார். நடந்திருந்தால் எனக்கு ஆட்சேபமில்லை. அங்கே ஐந்தாறு பேர் கழுத்தில் பைனாகுலரைத் தொங்கவிட்டுக்கொண்டு, ஒரு புதரின் முன்னால் அசையாமல் நிற்கிறார்கள். பனிக்காலத்தில் வந்த பறவைகள் வடக்கே திரும்புகிற சமயமாம்; வழியனுப்ப வேண்டுமாம். என் தங்கை துபாய்க்குப் போனபோது ரயில் நிலையம் வரைகூட வராத மனிதர்! ஒருநாள் சுக்குக்காப்பி கொண்டுபோனேன். "ஜெயா, அசையாத" என்றார். சுடுகிற தம்ளரோடு சிலைபோல நின்றேன். கடைசியில் வெளியே வந்தது ஒரு மைனா.

ஆனாலும் மனிதர் சாப்பிட்டார், பேசினார். அதனால் நான் வாயைத் திறக்கவில்லை. போன வாரம் பூங்காக் குட்டையில் அவர் கண்ணில் ஒரு சாம்பல் நிறக் கொக்கு பட்டது. "நேசக்குமாரு, இது நம்ம நாட்டுப் பறவையே இல்லடே. வடக்க போற வழியில இங்கன எறங்கிருக்கு" என்று அண்ணாச்சி தீர்ப்புச் சொன்னார். பூங்காவுக்குப் பின்னால்தான் நிலக்கரி லாரிகளை நிறுத்துகிறார்கள், அதை யோசித்தீர்களா என்று கேட்டேன். "படிச்சவங்களுக்கு எதுலதான் சந்தேகம் இல்ல?" என்றார் அண்ணாச்சி.

உங்கள் தம்பி அதோடு நின்றாரா? ஞாயிறு ஆராதனையில் ஸ்தோத்திர காணிக்கை போட்டுவிட்டார். சபை ஐயர் வாசிக்கிறார்: சுகப்பிரசவத்துக்காக, விசா கிடைத்ததற்காக, அரிய கொக்கு ஒன்றைக் காணச் செய்ததற்காக நேசக்குமார் குடும்பத்தார். குடும்பத்தார்! என்னையும் சேர்த்து. பின் பெஞ்சில் யாரோ ஆமென் வேறு சொன்னார்கள்.

இன்று காலை பாதிச் சபை பூங்காவில். ஐயரும் வந்திருந்தார். கொக்கும் வந்து பெருமையாக நின்றது. அந்த நேரம் பார்த்து, தோட்ட வேலை செய்கிற பேச்சிச்செல்வி செடிகளுக்குக் குழாயைத் திறந்தாள். கொக்கு நேராகக் குழாய் பீய்ச்சிய தண்ணீருக்குள் போய்ச் சிறகை விரித்தது.

"ஏளா, தண்ணிய நிறுத்துளா!" என்று அண்ணாச்சி அலறினார்.

"கொக்கு குளிக்கதுக்கும் ஒங்கள்ட்ட கேக்கணுமா அண்ணாச்சி?"

கரி வழிந்தது. எல்லோர் கண்முன்னாலும் கொக்கு வெள்ளை வெளேரென்று ஆனது. "ஞானஸ்நானம் முடிஞ்சிட்டு. ஐயரே, பேரு என்ன வைக்கப் போறிய?" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல். ஐயரே சிரித்துவிட்டார். உங்கள் தம்பி சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்தார், பைனாகுலரை பீரோ மேல் வைத்தார், படுத்தார். மறுபடியும் அதே சுவர். மத்தியானச் சோறு அப்படியே இருக்கிறது.

ஆகவே மதினி, ஞாயிறு வந்து அவரை நாசரேத்துக்குக் கூட்டிப் போங்கள். அந்தப் பைனாகுலரையும் எடுத்துப் போய்ப் பரணில் போடுங்கள். பறவைதான் வேண்டுமென்றால் உங்கள் வீட்டில் கோழி இருக்கிறது. அது வடக்கே எங்கும் போகாது.

அண்ணனுக்கு என் ஸ்தோத்திரம். பிள்ளைகளுக்கு முத்தங்கள். உங்கள் வீட்டில் சமாதானம் நிறைந்திருக்கட்டும். மிச்சமிருந்தால் இங்கே கொஞ்சம் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஜெயபிரியா

பின்குறிப்பு: செவ்வாய். ஞாயிறு வர வேண்டாம், மதினி. நடந்தது இதுதான். விடிகாலையில் பாலை அடுப்பில் வைத்துவிட்டுப் பின்வாசலுக்கு வந்தேன். துவைக்கிற கல்லுக்குக் கீழே ஏதோ தத்தியது. பச்சை முதுகு, குட்டை வால், அடிவயிற்றில் சிவப்பு. ஆறுமணிக்குருவி. நான் படத்தில் மட்டுமே பார்த்தது, வடக்கே திரும்புகிற பயணக் களைப்பில் எங்கள் வீட்டில் இறங்கியிருக்கிறது. "ஏங்க, இங்கன வாங்க" என்றேன். எழுந்திருக்கவில்லை. பைனாகுலரை எடுத்துப் போய்க் கையில் கொடுத்தேன். "நல்லா பாத்துட்டேன். கரி இல்ல" என்றேன். எழுந்து வந்தார். கதவோரம் இருவரும் நின்றோம். உள்ளே பால் பொங்கி வழிகிற சத்தம் கேட்டது. அடுப்பை அணைக்கத் திரும்பினார்.

"அசையாதீங்க" என்றேன்.