மெழுகின் மேல் விழுந்த பழி

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

முப்பது வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். தாங்களும் தங்கள் அலுவலகத்தாரும் நலமாக இருக்க வேண்டும் என்பதையும் முறைப்படி சொல்லிவிடுகிறேன்.

சனிக்கிழமை இதழில் ஃபோல்க்மார் ட்சைட்லரின் பனிச்சறுக்கு வாழ்க்கையைப் பற்றி முழுப் பக்கம் எழுதியிருந்தீர்கள். பதினோரு வருடம் நெடுந்தூரப் பந்தயங்களில் ஓடினான், ஏழு கோப்பை வாங்கினான், ஞாயிறன்று நம் காட்டுத் தடத்துக்கு அவன் பெயரை வைக்கிறார்கள். வைக்கட்டும். ஆனால் அங்கே நடப்போகும் பலகையில் "மெழுகுக் கோளாறால் தேசியப் பதக்கம் நழுவியது" என்று பொறிக்கிறார்களாம். பனியில் நன்றாக ஓட அவன் சறுக்குக் கட்டைகளுக்கு மெழுகு பூசியவன் நான் ஒருவன்தான். ஜெயித்தால் அவன் கால், தோற்றால் என் மெழுகு. ரொட்டிக்கடை ஹெட்விக் இன்றைக்கும் "என்ன மெழுகுக்காரரே, வெண்ணெயாவது ஒழுங்கா தடவுவீங்களா?" என்கிறாள்.

அந்தத் தேசியப் பந்தயத்தன்று காலை பனியை விரலால் கிள்ளிப் பார்த்து, நீல மெழுகை மூன்று முறை தேய்த்து, கட்டைகளை விடுதிக்கு வெளியே குளிரில் சாத்தி வைத்தேன். வெதுவெதுப்பான கட்டையைப் பனியில் இறக்கினால் அடியில் பனி உருகி, மறுபடி உறைந்து, கட்டிகட்டியாக ஒட்டிக்கொள்ளும். அப்படித்தான் ஒட்டியது. நான்காவதாக வந்த ஃபோல்க்மார் வானொலிக்காரரிடம், "நான் என்னங்க பண்றது, கூட்டாளி போட்ட மெழுகு அப்படி" என்றான். அப்புறம்தான் விடுதிக்காரர் என்னிடம், "உங்க கட்டை ரெண்டும் எங்க அடுப்போரமா நின்னுச்சேப்பா" என்றார். உள்ளே உட்கார்ந்து பட்டாணி சூப் குடித்தவன் ஃபோல்க்மார். வேறு யார் எடுத்து வைத்திருப்பார்கள்? மறுமாதம் அவன் தங்கை ரோஸ்விதாவோடு எனக்குக் கல்யாணம். விழுங்கிக்கொண்டேன். இனி முடியாது. ஞாயிறுக்குள் இதை அச்சிட்டு, அந்த வரியை எடுக்கச் செய்யுங்கள்.

தங்கள் இதழ் வளரட்டும், வீட்டில் அனைவருக்கும் என் வணக்கம்.

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் ரோஸ்விதா படித்துவிட்டாள்.

"அண்ணன் உள்ள வைக்கலைங்க. ஈரப்பனி தூறுச்சு, உங்க மெழுகு வீணாயிடுமேன்னு நான்தான் ஒரு நிமிஷம் உள்ள வச்சேன். அப்ப பார்த்து நீங்க விடுதிச் சமையல்கட்டு வாசல்ல வந்து, கட்டிக்கிறியான்னு கேட்டீங்க. திருப்பி வெளிய வைக்க மறந்தே போச்சு."

"முப்பது வருஷமா ஏன்டி சொல்லலை?"

"நீங்க அவனைத் திட்டுறதை எப்ப நிறுத்தினீங்க, நான் சொல்றதுக்கு?"

ஆகவே ஆசிரியரே, தவறு ஃபோல்க்மாருடையது அல்ல. மெழுகினுடையதும் அல்ல, அதை மட்டும் தயவுசெய்து பெரிய எழுத்தில் போடுங்கள். யாருடையது என்று ஊர் விசாரிக்காமல் இருந்தால் நல்லது. தபால்தலை ஒட்டியாகிவிட்டது, அனுப்பத்தான் போகிறேன். கையெழுத்து போடுவதாக இல்லை.