தண்ணீர்த் தொட்டிக்குப் போன வள்ளிக்கும்மி

காலில் மாவுக்கட்டு போட்டிருந்தால் பஸ்ஸில் எழுந்து இடம் கொடுப்பார்கள். கையில் ஊசி போட்ட பஞ்சு இருந்தால்கூட ஒரு 'ஐயோ பாவம்' கிடைக்கும். வெளியே தெரியாத வலி மட்டும் சூலூரிலிருந்து காந்திபுரம் வரைக்கும் நின்றுகொண்டேதான் போக வேண்டும்.

எனக்கு அப்படி மூன்று வலி. ஒற்றைத் தலைவலி, தாடை வலி, அப்புறம் உடம்பெல்லாம் வலிக்கும் ஃபைப்ரோமயால்ஜியா. (மூன்றாவதன் பேரைச் சொல்ல வாயை நன்றாகத் திறக்க வேண்டும். இரண்டாவது அதற்கு விடாது.) முதலாவதால் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. மூன்றாவது வந்த நாளில், தலையில் சீப்பு பட்டாலே அடி விழுந்த மாதிரி இருக்கும். ஆனால் பார்க்க நன்றாகத்தான் இருப்பேன். அதுதான் தொல்லை. "வேலைன்னா மட்டும் இவளுக்கு மண்டையிடி வந்துரும்" என்று சொந்தத்தில் சிரிப்பார்கள்.

நம்பியது அம்மாதான். நம்பியதோடு நிற்காமல், அவள் ஆடிக்கொண்டிருந்த வள்ளிக்கும்மியில் என்னையும் சேர்த்துவிட்டாள்.

"ஆடுனா ஒடம்பு எளகும் கண்ணு. முடியாத அன்னைக்கு உக்காந்து கை தட்டு. ஆரு கேக்கறாங்கன்னு நான் பாக்கறேன்."

எங்கள் பக்கம் இப்போது எங்கே பார்த்தாலும் கும்மிதான். மாதக்கணக்கில் சாயங்காலம் கோயில் மைதானத்தில் பழகுவார்கள். அப்புறம் எல்லாரும் ஒரே நிறச் சேலை கட்டி, ஊரைக் கூட்டிச் சோறு போட்டு அரங்கேற்றம். வட்டத்தில் பல வரிசை. எங்கள் வரிசைக்கு அம்மா தலை, நான் வால். அவள் எங்களுக்குப் பழக்கியது ஒரே விஷயம்.

"அடி மறந்தாலும் பரவால்ல. முன்னால போறவ கால மட்டும் உட்ராதீங்க. அவ எங்க போறாளோ அங்க போங்க. யோசிக்கவே கூடாது."

அரங்கேற்றத்துக்கு முன்னாலேயே அம்மா போய்விட்டாள். காலையில் டீ வடிகட்டிக்கொண்டிருந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள், எழவில்லை. ஒரு நாள்கூடத் தலைவலி என்று படுக்காதவள். வீட்டில் சீக்காளி நான். போனது அவள். இதை இன்னும் என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை.

கும்மி வாத்தியார் வீட்டுக்கு வந்து, "அவிய எடத்துல ஆர நிறுத்தறதுங்க?" என்று அப்பாவிடம் கேட்டார்.

நான் உள்ளேயிருந்து, "நானுங்க" என்றேன்.

"முடியுமா சாமி? பாதியில வட்டத்த உட்டு வெளிய போனா அரங்கேற்றம் ஆகாது. மறுபடியும் மொதல்ல இருந்து பழகோணும். தலை எடத்துக்கு வேற ஆளப் போட்டுருவேன்."

"போகமாட்டனுங்க."

வருஷம் திரும்பாமல் ஆடலாமா என்று சொந்தத்தில் முணுமுணுத்தார்கள். அப்பா, "அவ அம்மா உட்டுட்டுப் போனத அவ முடிக்கட்டும்" என்று சொல்லிவிட்டார்.

அரங்கேற்றத்தன்று முகத்துக்கு நேராக ஃபோகஸ் லைட், பக்கத்தில் ஜெனரேட்டர் புகை, ஒவ்வொரு தலையிலும் ஒரு பந்து மல்லிகை, காதுக்குள் மைக் செட். ஒற்றைத் தலைவலிக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைத்திருந்தாலும் இவ்வளவு மரியாதையாகக் கூப்பிட்டிருக்க முடியாது. அதுவும் வந்தது. முதலில் இடது கண்ணில் மின்மினி. அப்புறம் வாத்தியார் முகத்தில் பாதியைக் காணோம். தாடை பீரோ மாதிரிப் பூட்டிக்கொண்டது. கடைசியாக வயிறு புரட்டியது.

உடனே ஒரு திட்டம் போட்டேன். சுற்று பந்தல் ஓரமாக வளையும்போது நைசாக நழுவி, பின்னாலிருந்த தண்ணீர்த் தொட்டியடியில் வாந்தி எடுத்துவிட்டு, அடுத்த சுற்றில் சேர்ந்துகொள்வது. யாருக்கும் தெரியாது. (எனக்குப் பின்னால் எட்டுப் பேர் என் காலையே பார்த்துக்கொண்டு வருகிறார்கள் என்பது அந்தத் திட்டத்தில் இல்லை.)

நழுவினேன். பந்தல் காலைத் தாண்டி, சாம்பார் அண்டாவைத் தாண்டித் தொட்டியடிக்குப் போனேன். பின்னால் கைதட்டும் சத்தம் கேட்டது. திரும்பினால் மொத்த வரிசையும் குனிந்து நிமிர்ந்து, கை தட்டி, சிரித்த முகத்தோடு அண்டாவைச் சுற்றி வந்துகொண்டிருக்கிறது. சமையல்காரர் கரண்டியோடு சுவர் ஓரமாக ஒதுங்கி வழி விட்டார்.

திரும்பிப் போங்கள் என்று சொல்கிற அளவுக்கு வாய் திறக்கவில்லை. இரண்டு கையையும் வீசிக் காட்டினேன். எட்டுப் பேரும் வீசினார்கள். தலையில் அடித்துக்கொண்டேன். அவர்களும் தாளத்தோடு அடித்துக்கொண்டார்கள். அதற்கு மேல் தாங்காமல் குனிந்து வாந்தி எடுத்தேன். அவர்களும் குனிந்தார்கள்.

எனக்கு அடுத்து நின்ற, தறிக்குப் போகும் சரசக்காவுக்கு அப்போதுதான் புரிந்தது. ஓடி வந்து என் நெற்றியைத் தாங்கிப் பிடித்தார். அதைப் பார்த்து அவருக்குப் பின்னால் இருந்தவர் சரசக்கா நெற்றியைப் பிடித்தார். அவர் நெற்றியை அடுத்தவர். இப்படியே கடைசி ஆள் வரைக்கும். வாந்திக்கு நடுவில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, தாடை இன்னும் இழுத்துக்கொண்டது. அழுகையும் வந்தது. அம்மா பழக்கிய வரிசை இல்லையா.

"ஏனம்மிணி, புது அடியாட்ட இருக்குதுன்னு நெனச்சுப்போட்டேன்" என்றார் சரசக்கா. என் முகத்தைக் கழுவிவிட்டார். "இங்கயே உக்காந்துக்கறயா?"

தலையை ஆட்டி மறுத்தேன்.

"அப்ப நட. நீ போனாத்தான நாங்க போக முடியும்."

ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அதே அடியில், அண்டாவைச் சுற்றி வரிசையை வட்டத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தேன். கடைசிப் பாட்டு வரைக்கும் ஆடினேன். எப்படி என்று கேட்காதீர்கள். அப்புறம் நான்கு நாள் தட்டைக்கூடத் தூக்க முடியவில்லை.

முடிந்ததும் வாத்தியார் கூப்பிட்டார். "வட்டத்த உட்டு வெளிய போனயா, இல்லியா?"

என் தாடை திறக்கவில்லை. சரசக்கா முன்னால் வந்தார்.

"அவ எங்கீங்க வெளிய போனா? வட்டந்தானுங்க கொஞ்சம் அக்கட்டால போயிட்டு வந்துச்சு."

"அவளத் தள்ளுனா எங்களையும் தள்ளிப் போடுங்க. எல்லாருந்தான போனோம்" என்றார் பின்னாலிருந்த இன்னொருவர்.

வாத்தியார் எட்டுப் பேரையும் பார்த்தார். துண்டால் முகத்தைத் துடைக்கிற மாதிரிச் சிரிப்பை மறைத்துக்கொண்டார். "அந்தம்மா பழக்கி உட்டுட்டுப் போயிருச்சு, நான் என்ன பண்றது. ஆச்சு போங்க. தலை எடம் இவளுதுதான்."

அப்பா செல்போனில் எடுத்த வீடியோ இன்னும் இருக்கிறது. எங்கள் வரிசை காணாமல் போன பிறகும் மனுஷன் அந்தக் காலி இடத்தையே அசையாமல் பிடித்திருக்கிறார். "ஏனுங்க, உங்க புள்ள எங்க போகுது?" என்று யாரோ கேட்க, "தெரியலீங்க. ஆனா நல்லாத்தான் கூட்டிட்டுப் போகுது" என்கிறார். வீட்டுக்கு யார் வந்தாலும் இதைப் போட்டுக் காட்டாமல் விடமாட்டார்.

போன மாதம் வெள்ளகோவிலில் ஒரு கல்யாணம். சொந்தமும் கும்மிக்காரர்களும் வந்திருந்தார்கள். பந்தியில் பாதியிலேயே தலைவலி வந்து எழுந்தேன். முன்பென்றால் 'ஆரம்பிச்சுட்டா' என்று ஒரு குரல் வரும். இப்போது வருவது வேறு.

"அம்மிணி எந்திரிச்சுட்டா. பின்னால எத்தன பேருன்னு எண்ணுங்கடா" என்றார் மாமா. பந்தியே சிரித்தது.

திரும்பிப் பார்த்தேன். சரசக்கா பாயசத்தை அப்படியே வைத்துவிட்டு, இலையை மடித்துக்கொண்டிருந்தார்.