மலைக்குக் குடிபோகிறவர்

'போகிறவர்' என்று ஒரு ரகம் உண்டு, நீங்களும் பார்த்திருப்பீர்கள். இந்த ஊரின் சத்தத்தையும் புழுதியையும் உதறிவிட்டு, வேறொரு மாநிலத்தில், மலையும் மரமும் அருவியுமாக இருக்கிற ஓரிடத்தில், திறந்த வெளியில் வாழ்வதற்காக நிரந்தரமாகப் போகிறவர். போய்விட்டவரைப் பற்றி எனக்குக் கவலையில்லை. அவர் எங்கோ அட்டைக்கடி பட்டுக்கொண்டு நிம்மதியாக இருக்கிறார். போகிறவர்தான் ஆபத்தானவர். ஏனென்றால் அவர் இங்கேயே இருக்கிறார்.

இந்த ரகத்தில் கலப்படமில்லாத அசல் சரக்கைப் பார்க்க வேண்டுமானால் திருவொற்றியூருக்கு வாருங்கள். பெயர் தண்டபாணி. எண்ணூர் நெடுஞ்சாலையில் ஒரு கன்டெய்னர் யார்டில், லாரிகளுக்கு கேட் பாஸ் போட்டுக்கொடுக்கும் பிரிவுக்கு மேலாளர். வெளியே டிரெய்லர் லாரிகள் கண்ணுக்கெட்டிய தூரம் வெயிலில் வரிசை கட்டி நிற்கும். உள்ளே ஏசி அறையில் தண்டபாணி ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, வேலையை விட்டுவிட்டு மலைக்குப் போய் மரவீடு கட்டிக்கொண்ட தம்பதிகளின் வீடியோக்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். கணவன் விறகு பிளப்பான், மனைவி ஆட்டுக்குட்டிக்குப் பால் புகட்டுவாள், பின்னணியில் புல்லாங்குழல் வாசிக்கும், தண்டபாணிக்குக் கண் கலங்கும். சென்னையில் எதற்கு ஸ்வெட்டர் என்று கேட்டால், "இப்பலேர்ந்தே பழகிக்கணும்ல" என்பார்.

அவர் போகப்போகிற இடம் கர்நாடகத்தில் சிக்மகளூர். ஒரே ஒரு தடவை அலுவலகச் சுற்றுலாவில் போயிருக்கிறார். அன்றைக்கு மழை என்று வேனை விட்டு இறங்கவே இல்லை. ஆனாலும் ஜன்னல் வழியாக அந்த மலை தன்னைப் பார்த்து ஏதோ சொன்னதாகச் சத்தியம் செய்கிறார். அன்றிலிருந்து வாங்கிக் குவித்தவற்றைப் பாருங்கள்: மலையேறுகிற பூட்ஸ், நெற்றியில் கட்டுகிற டார்ச், மழை நனைக்காத ஜாக்கெட், மடக்குகிற கூடாரம். கூடாரத்தைப் படுக்கையறையில் விரித்து ஒரு மத்தியானம் உள்ளே படுத்துப் பார்த்தார். ஃபேன் காற்று வரவில்லை என்று எழுந்து வந்துவிட்டார்.

திறந்த வெளியின் மேல் இத்தனை காதல் கொண்டவர் இங்கே வெளியில் என்ன செய்கிறார் என்று கேட்கிறீர்களா? வீட்டு மாடியில் நின்றால் கடல் தெரியும். அந்தப் பக்கத்து ஜன்னல்களை அவர் திறப்பதே இல்லை. உப்புக் காற்றில் கொக்கி துருப்பிடித்துவிடுமாம். தெருமுனை டீக்கடைக்கு ஸ்கூட்டரில்தான் போவார். மாசி மகத்தன்று சாமியே வெயிலில் தீர்த்தவாரிக்குக் கடலுக்குப் போக, இவர் பின்னாலேயே ஸ்கூட்டரில் போய்க் கரையிலிருந்தபடியே கும்பிட்டுவிட்டுத் திரும்பினார்.

இந்தப் பக்கத்துக் காற்று மோசம் என்பதில் பொய்யில்லை. மாடியில் வெள்ளை வேட்டி காயப்போட்டால் சாயங்காலம் சாம்பல் வேட்டி எடுக்கலாம். அதற்காகக் கோபப்பட்டு, இருமிக்கொண்டே ஊர்க் கூட்டத்துக்கு வந்து நின்று கேள்வி கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். தண்டபாணி அந்தக் கூட்டங்களுக்கு வருவதில்லை. "நாமதான் போவப் போறமே" என்பார்.

இதுதான் இந்த ரகத்தின் மந்திரம். சமையலறைக் குழாய் ஒழுகுகிறது. "போற வூட்டுக்கு எதுக்குக் கொயா?" மகள் நீலாவின் அறையில் கூரை உதிர்ந்து புத்தகத்தில் விழுகிறது. "போவப் போறோம், கொஞ்ச நாளு ஹால்ல படிக்கட்டும்." அந்தக் கொஞ்ச நாளில் நீலா பள்ளி இறுதிக்கு வந்துவிட்டாள். போகாத ஊருக்காக இருக்கிற வீட்டைப் பாழடைய விட்டவரை நீங்கள் சோம்பேறி என்பீர்கள். அவர் தன்னைப் பயணி என்கிறார்.

மாலையில் அவருடைய சபை கூடுவது காஜா மொய்தீன் டீக்கடையில். அதையொட்டிய கொட்டகையில்தான் கேரம் மன்றம். காஜா மொய்தீன் அதற்குச் செயலாளர். காய் அடிக்கிற சத்தத்துக்கு நடுவே தண்டபாணி போனை எடுத்து அன்றைய வானிலையை வாசிப்பார்.

"இன்னா தலீவா, அங்க எத்தினி டிகிரி?"

"பதினெட்டு, மாமு. அவனவன் போத்திகினு தூங்கிகினு கீறான்."

"இங்க பாரு, பாயிலர் முன்னாடி நான் வெந்துகினு கீறேன்."

"அதான் சொல்றேன், இது கலீஜ் ஊரு. மனுசன் வாய்வானா இங்க?" என்று சொல்லிவிட்டு, அந்தக் கலீஜ் ஊரின் மசால் வடையில் இன்னொன்றை எடுத்துக்கொள்வார்.

மன்றத்தில் ஒருவரும் இதை நம்பியதில்லை. எல்லா டீக்கடையிலும் இப்படி ஒருவர் வேண்டும் என்று விட்டுவைத்திருந்தார்கள். தண்டபாணியும் நம்பியதில்லை என்பது என் கணிப்பு. நம்பியவர் ஒருவர்தான்: அவர் மனைவி நர்மதா.

நர்மதா காசிமேட்டில் பிறந்தவர், ஒரு வங்கியில் எழுத்தர். அந்த வங்கியில் அதிகாரியாகப் பதவி உயர்வு பெற்றால் வெளிமாநிலத்துக்குப் போயாக வேண்டும். அதனால் வாய்ப்பு வந்தபோதெல்லாம் வேண்டாம் என்று எழுதிக்கொடுத்து, தனக்குப் பின்னால் சேர்ந்தவர்களெல்லாம் மேலாளராகிக் கண்ணாடி அறைக்குள் உட்கார, இவர் கவுன்டரிலேயே நோட்டு எண்ணிக்கொண்டிருந்தார். எல்லாம் யாருக்காக? ஒரு நாள் குழம்பில் உப்பு கூடினால் அடுத்த நாள் வரைக்கும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்கிற தண்டபாணியைத் தனியே விட முடியாது என்பதற்காக. அந்தத் தண்டபாணியே போகத் துடிக்கிறார் என்றால் இன்னும் எதற்கு மறுப்பது? இந்த முறை நர்மதா தேர்வு எழுதினார், நேர்காணலில் சிக்மகளூர்ப் பக்கம் கொடுங்கள் என்று தானாகவே கேட்டார். எல்லாரும் ஓடி ஒளிகிற இடத்தைக் கேட்டு வாங்குகிற ஆளைப் பார்த்துத் திகைத்துப்போய், கேட்டதையே கொடுத்துவிட்டார்கள்.

அன்று மாலை ஜாங்கிரிப் பொட்டலத்தோடு வீட்டுக்கு வந்தார்.

"ஆர்டர் வந்துட்ச்சி. ஆபீசரு! சிக்மகளூர்லேர்ந்து அர மணி நேரந்தான். சுத்தி முச்சூடும் காப்பித் தோட்டமாம். நீ ஆசப்பட்ட எடம்யா!"

தண்டபாணியின் வாயில் போன ஜாங்கிரி போன இடத்திலேயே நின்றது. அப்புறம் ஆரம்பித்தார். மழைக்காலம் வருகிறது. அட்டை இருக்கும். நீலாவின் படிப்பு என்னாவது? கன்னடம் தெரியாதே! கேஸ் இணைப்பை எப்படி மாற்றுவது? அங்கே நல்ல வஞ்சிரம் கிடைக்குமா? வீட்டில் மீன் நாறுகிறது என்று காலமெல்லாம் மூக்கைப் பொத்தியவர் கேட்ட கேள்வி இது. கடைசியில் விஷயத்துக்கு வந்தார்.

"இந்த வாட்டியும் வேணான்னு எய்திக் குட்த்துடு நர்மதா. அடுத்த வருசம் பொறுமையா பாத்துக்கலாம்."

எத்தனை சுலபமாகச் சொல்லிவிட்டார், பார்த்தீர்களா? அந்தப் பெண்ணின் அத்தனை வருட உழைப்பை ஒரு ஜாங்கிரித் துண்டோடு சேர்த்து விழுங்கப் பார்த்தார்.

"தெனம் காலீல அங்க எத்தினி டிகிரின்னு சொல்லிகினு இருந்தியே, யார் கைல சொன்ன?" என்றார் நர்மதா. "செவுத்து கைலயா சொன்ன?"

"அது ஒரு பேச்சுக்கு..."

"நான் பேச்சுன்னு நெனைக்கல. எய்திக் குடுக்க மாட்டேன்."

தண்டபாணிக்கு அப்போதும் ஒரு நம்பிக்கை இருந்தது. நாட்களைக் கடத்தினால் ஏதாவது நடக்கும். உத்தரவு மாறும், பாதையில் மண் சரியும், நர்மதாவின் மனது இளகும். ஆனால் செய்தி காஜா மொய்தீன் காதுக்குப் போய்விட்டது, மன்றம் ஃப்ளெக்ஸ் அடிக்கக் கிளம்பிவிட்டது.

வடசென்னையில் ஃப்ளெக்ஸ் பேனர் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இங்கே காதுகுத்துக்கும் பேனர், பத்தாவது தேறினாலும் பேனர், ஆள் போய்ச்சேர்ந்தாலும் பேனர். பேனர் ஏறிவிட்டால் அந்த விஷயம் நடந்தே தீரவேண்டும். கல்யாணப் பேனர் கட்டியபிறகு மாப்பிள்ளை ஓடிப்போனால், பேனரில் இருப்பவர்கள் தேடிப்பிடித்து இழுத்து வருவார்கள். ஏனென்றால் கீழே அவர்கள் படமும் பெயரும் இருக்கின்றன. இதெல்லாம் தெரிந்த தண்டபாணி பேனரைத் தடுத்திருக்க வேண்டுமா, இல்லையா? காஜா மொய்தீன் போட்டோ கேட்டதும் அவர் என்ன செய்தார் தெரியுமா? கறுப்புக் கண்ணாடியும் ஜாக்கெட்டுமாக மாடியில் நின்று எடுத்ததை அனுப்பினார். "புலிய கொஞ்சம் பெர்சா போடு மாமு" என்று ஒரு யோசனையும் அனுப்பினார்.

மறுநாள் தெருமுனையில் பேனர் நின்றது. பின்னால் பனிமலை, பேனர் கடைக்காரரிடம் வேறு மலை இல்லை. பக்கத்தில் பசுமாட்டளவு புலி. நடுவில் தண்டபாணி. 'மலைநாட்டை ஆளச் செல்லும் மாவீரனே, சென்று வா!' கீழே கேரம் மன்றத்தார் அத்தனை பேரும் கைகூப்பி நின்றார்கள். தண்டபாணி அதன் எதிரே வெகுநேரம் நின்று ரசித்தார். வீட்டுக்கு வந்தபிறகுதான், இனி போயே தீரவேண்டும் என்பது உறைத்தது.

கிளம்புகிற நாளில் பேண்டு வாத்தியம் வந்தது. ஆளுயர மாலை போட்டார்கள். சென்ட்ரல் வரைக்கும் ஆட்டோக்களில் வந்து பெங்களூரு ரயிலில் ஏற்றிவிட்டார்கள். காஜா மொய்தீன் கட்டிப்பிடித்து, "போய் செட்டிலாயிட்டு சொல்லு நைனா, நாங்க வண்டி புட்சி வரோம்" என்றார். அவர் கண்ணில் நிஜமாகவே தண்ணீர். தண்டபாணி ஜன்னல் வழியாகக் கையசைத்தார். ரயில் காட்பாடியில் நின்றதும், தண்ணீர் பாட்டில் வாங்கி வருகிறேன் என்று இறங்கினார். ரயில் கிளம்பியது. அவர் பிளாட்பாரத்தில் நின்றார்.

நர்மதா போன் செய்தார். "வண்டி போச்சு நர்மதா! நீங்க போய்கினே இருங்க, நான் அடுத்ததுல வந்துடறேன்" என்று மூச்சு வாங்கப் பேசினார். ஓடாத மனிதருக்கு எதற்கு மூச்சு வாங்கியது? தண்ணீர் வாங்க இறங்கியவர் தன் பையையும் எடுத்துக்கொண்டு இறங்கியதை நீலா பார்த்திருந்தாள். அம்மாவிடம் சொன்னாள். நர்மதா போனை வைத்தார்.

அடுத்த ரயில் வந்தது. அது சென்னைக்குப் போகிற ரயில். இருட்டுகிற நேரத்துக்கு, வழியில் வாங்கிய ஹெல்மெட்டால் முகத்தை மறைத்துக்கொண்டு, தன்னைப் பார்த்துச் சிரிக்கிற தன் படத்தைக் கடந்து தண்டபாணி வீட்டுக்குள் நுழைந்தார். அப்புறம் வெளியே வர முடியவில்லை. எப்படி வருவது? தெருமுனையில் மாவீரன் நிற்கிறான். யார்டில் வேலையை விடும் துணிச்சல் இல்லாமல் நீண்ட விடுப்புத்தான் எழுதிக்கொடுத்திருந்தார், அதனால் அங்கேயும் அவரைத் தேடவில்லை. ஜன்னல்களை அடைத்தார், விளக்குப் போடாமல் இருந்தார், வேறு பெயரில் சாப்பாடு வரவழைத்துக் கதவிடுக்கில் கைநீட்டி வாங்கினார். திறந்த வெளி வாழ்க்கையைத் தேடிப் புறப்பட்டவர் சொந்த வீட்டில் கரப்பான்பூச்சி மாதிரி ஒளிந்து கிடந்தார்.

காட்டிக்கொடுத்தது ஏசிதான். அது இல்லாமல் அவருக்குத் தூக்கம் வராது. ஆளில்லாத வீட்டின் ஏசிக் குழாயிலிருந்து தண்ணீர் சொட்டித் தெரு நனைந்திருப்பதைப் பார்த்துத் திருடன் என்று பயந்துபோன காஜா மொய்தீன் வந்து கதவை இடித்தார். கதவு கொஞ்சமாகத் திறந்தது.

"தலீவா! இன்னா நீ இங்க கீற?"

"ஒரு சின்ன வேல மாமு. வூட்டுக்கு ஆளு பாக்கணும்ல? ரெண்டு நாள்ல கெளம்பிடுவேன்."

காஜா மொய்தீன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். கேலி நாக்கு நுனிவரை வந்தது, அழுக்குப் பனியனோடு நின்ற கோலத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டார். "செரி. அப்ப பேனரு? கயட்டிடட்டா?"

தண்டபாணி யோசித்தார். வெட்கம் என்று ஒன்று மிச்சமிருந்தால் இங்கேதான் வெளிப்பட்டிருக்க வேண்டும்.

"இருக்கட்டும் மாமு" என்றார்.

அன்று மாலை நர்மதாவிடமிருந்து போன் வந்தது. நீலாவுக்குப் பள்ளிக்கூடம் கிடைத்துவிட்டது, இரண்டு பேருமாகப் பக்கத்துக் குன்றுக்கு நடந்துபோய் வந்தார்கள், காலெல்லாம் வலி என்று சொன்னார். குரலில் கோபமே இல்லை. அதுதான் தண்டபாணிக்குப் பயமாக இருந்தது.

"வூட்டு ஓனரு எத்தினி பேருன்னு கேட்டாரு," என்றார் நர்மதா. "ரெண்டு பேருன்னு சொல்ட்டேன்."

"இன்னா ரெண்டு பேரு? மூணுன்னு சொல்லு. நான் வரேன்ல?"

"வந்தன்னா சொல்லிக்கலாம்" என்றார் நர்மதா. அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று போனை வைத்துவிட்டார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்களுக்கு மலையாசை கிடையாது. நீங்கள் வேறு ரகம். உங்களுடையது ஊரில் ஒரு தோட்டம், அல்லது அடுத்த மாதம் முதல் காலை நடை, அல்லது வேலையை விட்டபின் தொடங்கப்போகும் ஏதோ ஒன்று. இருக்கட்டும். ஒன்று மட்டும் செய்யுங்கள். நாளைக் காலையில் அந்தப் பேச்சை எடுக்கும்போது வீட்டில் யாராவது கைவேலையை நிறுத்தி உங்களைத் திரும்பிப் பார்க்கிறார்களா என்று கவனியுங்கள். பார்த்தால், பாவம், இன்னும் உங்களை நம்புகிறார்கள். பார்க்கவில்லை என்றால், அவர்கள் ஊருக்கு எடுத்துப்போகிற பெட்டி பரண்மேல் இன்னும் இருக்கிறதா என்று போய்ப் பாருங்கள்.