ரேடியோக்காரரின் கண்பட்டை

"இன்னும் கொஞ்சம் இறுக்கும்மா. புரண்டு படுத்தா நழுவுது" என்றார் ரேடியோக்காரர், இரண்டு கண்களையும் கறுப்புப் பட்டைக்குள் ஒளித்துக்கொண்டு.

"இதுக்கு மேல இறுக்கினா முழி பிதுங்கிடும்ணே" என்றாள் பக்கத்துக் கடைத் தையல்காரி. "தூங்குறதுக்கு எதுக்கு இவ்வளவு வயரு?"

பழுதுபார்க்க இப்போது ரேடியோ கொண்டுவருவார் யாருமில்லை; டிவியும் மின்விசிறியும்தான் வருகின்றன. பெயர் மட்டும் மாறவில்லை. அதுபோல மாறாத இன்னொன்று, போன வருஷம் இறந்துபோன மனைவி கனவில் வருவது. வந்து எதிரே உட்காருவாள். இவருக்கோ அது கனவு என்றே தோன்றாது. வழக்கம்போல வீட்டில்தானே இருக்கிறாள் என்று, "அப்புறம் பேசலாம்" என்பார். விழித்தபிறகுதான் அப்புறம் என்று ஒன்று இல்லை என்பது உறைக்கும். ஒரே ஒரு தடவை, அது கனவு என்று தெரிந்து, வேலையைத் தள்ளி வைத்துவிட்டு அவளிடம் நாலு வார்த்தை பேசவேண்டும். அவ்வளவுதான் ஆசை.

அதற்குத்தான் இந்தப் பட்டை. கனவு வரும்போது மூடிய இமைக்குள் விழி உருளும். கைநீட்டினால் தானே திறக்கும் குழாய் ஒன்றிலிருந்து கழற்றிய சென்சார் அதைக் கண்டுபிடிக்கும். உடனே சிவப்பு விளக்கு மினுக்கும். கனவுக்குள் சிவப்பு தெரிந்தால் இவர் புரிந்துகொள்ள வேண்டும்.

மத்தியானம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கடைக்குப் பின்னால் இருந்த அறையில் படுத்தார். தெருவே சிரித்தது. மனைவி மத்தியானம் தூங்குவதை "கும்பகர்ணனுக்குத் தங்கச்சி" என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தவர் அவர். எப்போது சாப்பிட உள்ளே போனாலும் மூடி வைத்த தட்டுக்குப் பக்கத்தில் அவள் தூங்கிக்கொண்டிருப்பாள்.

எழுந்து வந்தவரிடம் தையல்காரி ஆவலாகக் கேட்டாள். "விளக்கு எரிஞ்சுதா?"

"எரிஞ்சுது."

"அண்ணி வந்தாங்களா?"

"வந்தா. ஏதோ சொல்லிட்டிருந்தா. மூலையில டிவி சிவப்பா மினுக்குச்சு. பவர் சப்ளை போயிருந்தது. சரி பண்ணிட்டேன்."

தையல்காரி தலையில் கைவைத்துக்கொண்டாள்.

விளக்கைக் கழற்றிவிட்டு மணி வைத்தார். கனவில் அது கடை மணியாகிவிட்டது. மனைவியிடம் "இரு, வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனவரை, வந்தவன் ஒரு வண்டி நிறைய மின்விசிறிகளை இறக்கிவிட்டு எழவிடவில்லை. சுவருக்கு இந்தப் பக்கம் நிஜமாகவே அலறிய மணியில் தையல்காரியின் கை நழுவி, ஒரு கல்யாணக் கோட்டின் கை முதுகோடு சேர்ந்து தைக்கப்பட்டது.

மணியையும் எடுத்தார். பழைய செல்போனின் அதிர்வு மோட்டாரை நெற்றிப் பக்கம் பொருத்தினார். கனவில் வாஷிங் மெஷின் ஒன்று ஆடிக்கொண்டே அறையைவிட்டு ஓடப் பார்த்தது. பாய்ந்து பிடித்தார். விழுந்தது கட்டிலிலிருந்து. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்ததோடு, நெற்றியில் எலுமிச்சை அளவுக்கு வீக்கமும் மிஞ்சியது.

"மிஷின்ல ஒரு கோளாறும் இல்லண்ணே" என்றாள் தையல்காரி, வீக்கத்துக்கு ஐஸ் கட்டியைக் கொடுத்துக்கொண்டே. "கனவுலயாவது கடையை மூடுங்க."

யோசித்து, வெளியூரிலிருந்த மகளுக்குப் போன் செய்தார். மனைவி மகளுக்கு எப்போதோ அனுப்பிய குரல் செய்தி ஒன்று பத்திரமாக இருந்தது. பேச்சுக்கு நடுவே அவள் கடைப்பக்கம் திரும்பி இவரைக் கூப்பிட்டது அதில் விழுந்திருந்தது. அதை மட்டும் வெட்டியெடுத்து, குட்டி ஸ்பீக்கரில் ஏற்றினார். அந்தக் குரலை எந்த மெஷினின் சத்தம் என்று நினைத்துவிட முடியும்?

படுத்தார். வந்தாள். இரண்டு தட்டு எடுத்து வைத்தாள்.

"சாப்பாடு ஆறுது, வாங்க."

அவர் முன்னால் ஒரு ரேடியோ வயிறு பிளந்து கிடந்தது. "இதோ, ரெண்டே நிமிஷம்" என்றார், தலை நிமிராமல்.

"சாப்பாடு ஆறுது, வாங்க."

"இதோ வந்துட்டேன்."

விழித்தபோது பட்டை நனைந்திருந்தது. அதைக் கொண்டுபோய்த் தையல் மேஜையில் வைத்தார். எலாஸ்டிக் நல்லாத்தான் இருக்கிறது, வேண்டுமானால் பிரித்து எடுத்துக்கொள் என்றார். அவர் தூக்கத்தில் பதில் சொன்னது சுவர் வழியாக அவளுக்கும் கேட்டிருந்தது.

"எனக்குக் கனவுலகூட புத்தி வரல" என்றார். "அவ கொடுத்து வெச்சவ. ஒரு கவலை கிடையாது. மத்தியானமானா நிம்மதியா தூங்கினா."

தையல்காரி பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எப்படி அண்ணி தினமும் இப்படித் தூங்குறீங்கன்னு நானும் ஒருநாள் கேட்டேண்ணே. 'கனவுலன்னா, கூப்பிட்ட உடனே எழுந்து வந்து எதிர்ல உட்கார்ந்துடறாரு'ன்னாங்க."