மூன்று மாதச் சராசரி

"பதினொண்ணா?"

மாஸ்டரின் மனைவி மறுபடியும் கேட்டாள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டு, ரிப்போர்ட்டை ஜன்னல் வெளிச்சத்தில் நீட்டிப் பிடித்தாள். "என்னங்க, நீங்களே படிங்க. எனக்கு எழுத்தெல்லாம் கலங்கலாத் தெரியுது. இந்தக் கண்ணாடியை மாத்தித் தொலைக்கணும்."

மாஸ்டர் படித்தார். அவர் பெயருக்கு நேராகத் தடித்த எழுத்தில் பதினொன்றேதான்.

"ஆறைத் தாண்டினாலே தப்புன்னு கீழ போட்டிருக்கான். பதினொண்ணு வர்ற அளவுக்கு என்ன பண்ணுனீங்க? கேக்குல குளிச்சீங்களா?"

மாஸ்டர் ரிப்போர்ட்டை மடித்தார், மறுபடி பிரித்துப் பார்த்தார். சர்க்கரை ஏறிவிட்டதே என்ற பயத்தினால் அல்ல. அந்த ரத்தம் அவருடையதே இல்லை.

மாஸ்டர் பேக்கரியில் கேக் போடுகிறவர். கிரீம் பதம் பார்ப்பதற்கு விரலைத் தவிர வேறு கருவியை அவர் நம்பியதில்லை. ஒவ்வொரு முறையும் ரத்தப் பரிசோதனைக்கு முந்தைய சில நாட்கள் மட்டும் பட்டினி கிடந்து, தெருத்தெருவாக நடந்து, பரீட்சைக்குப் படிக்கிற மாணவன் மாதிரி எப்படியோ தேறிவிடுவார். முடிந்ததும் நேராக கிரீம் பாத்திரத்துக்குத் திரும்பிவிடுவார்.

இந்த முறை மனைவி யாரிடமோ விசாரித்துவிட்டு வந்திருந்தாள். "மூணு மாசச் சராசரின்னு ஒரு டெஸ்ட் இருக்காம். உங்க கடைசி நேரத் தில்லுமுல்லு எதுவும் அதுல செல்லாது. அதுல மட்டும் ஏறியிருக்கட்டும், பேக்கரி வேலைக்கு அன்னைக்கே முழுக்கு!"

வேலையை விட்டுவிட்டு மாஸ்டர் என்ன செய்வார்? முப்பது வருடமாக அவருக்கு வேறொன்றும் தெரியாது. நேராக மைத்துனனிடம் ஓடினார்.

மனைவியின் தம்பி ஜிம் நடத்துகிறவன். தெருவே அவனைப் பயில்வான் என்றுதான் கூப்பிடும். நோய் நொடி என்று ஒருநாள் படுத்தவன் இல்லை.

"மாப்ள, லேப்காரர் உன் ஜிம்முக்குத்தானே வர்றார்? என் பேர்ல உன் ரத்தத்தைக் கொஞ்சம் குடுத்துடேன்."

"ரத்தமா மாமா? ஊசி போட்டா எடுப்பாங்க?"

"பின்னே, ஸ்ட்ரா போட்டா உறிஞ்சுவாங்க?"

பயில்வான் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டான். மாமா சொல்லைத் தட்டிப் பழக்கமில்லாதவன். "சரி மாமா, நான் பார்த்துக்கறேன்" என்றான்.

அந்த ரத்தத்தில்தான் இப்போது பதினொன்று.

அந்த நிமிடமே உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஒரு நாள் திட்டு, ஒரு வாரம் முகம் திருப்பல், அதோடு போயிருக்கும். மாஸ்டர் சொல்லவில்லை. மனைவி முன்னால் திருடனாக நிற்பதைவிட நோயாளியாக நிற்பது கௌரவம் என்று அவருக்குத் தோன்றியது.

"இதை யார்கிட்டயும் சொல்லாதே. முக்கியமா உன் தம்பிகிட்ட" என்று மட்டும் சொன்னார். விஷயத்தை அவனிடம் பக்குவமாகச் சொல்ல நாள் வேண்டுமே.

"நான் ஏன் சொல்றேன்? அவன் தாங்க மாட்டான். சின்ன வயசுல அவன் பண்ணுற தப்புக்கெல்லாம் நான்தான் குறுக்க போய் அடி வாங்குவேன். இப்ப உடம்பு மட்டும்தான் வளர்ந்திருக்கு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் போனிலேயே கையை விரித்துவிட்டார். "இது என் கையில இல்லைம்மா. எண்டோக்ரைனாலஜிஸ்ட்டைப் பாருங்க. சர்க்கரைக்கும் ஹார்மோனுக்கும்னே தனியாப் படிச்சவங்க. நாளைக் கடத்தாதீங்க."

அப்படிப்பட்ட ஒரு டாக்டரம்மா மாஸ்டருக்கு நன்றாகத் தெரிந்தவர்தான். பேக்கரியின் பின்வாசலில் நின்றால் அவர் கிளினிக் போர்டு தெரியும். சாயங்காலமானால் கோதுமை ரொட்டி வாங்க வருவார். ஆனால் அங்கே போனால் முதல் வேலையாக விரலில் குத்திப் பார்ப்பார்கள், குட்டு உடைந்துவிடும்.

"ஊர் அந்தக் கோடியில ஒருத்தர் இருக்காராம்" என்று மாஸ்டர் கையைக் காட்டினார்.

இரண்டு பஸ் மாறிப் போனார்கள். 'ஹார்மோன் சிகிச்சை' என்று போர்டு இருந்தது உண்மைதான். உள்ளே போனதும் வரவேற்பறைப் பெண் மாஸ்டரின் வழுக்கையைப் பரிவோடு பார்த்து, "சார், உச்சியிலேர்ந்து ஆரம்பிக்கலாமா, இல்ல முன்னாடியிலேர்ந்தா?" என்றாள். முடி வளர்க்கிற இடம்.

அடுத்ததாக அவர் காட்டிய இடத்தில் சுவரெல்லாம் ஒட்டகச்சிவிங்கி வரைந்திருந்தது. குட்டி நாற்காலியில் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்திருந்த மாஸ்டரை ஒரு நர்ஸ் எழுப்பி நிறுத்தி உயரம் அளந்தாள். வளர்ச்சி குறைந்த குழந்தைகளுக்கான டாக்டராம். "இனிமே வளர்றது கஷ்டம் சார்" என்று அனுப்பிவைத்தாள்.

ஒவ்வொரு முறையும் வீட்டுக்குத் திரும்பியதும் மனைவி நாற்காலியில் தொப்பென்று விழுவாள். ஒரு பாட்டில் தண்ணீரை நிதானமாகக் குடித்து முடிப்பாள்.

"உங்களை இழுத்துக்கிட்டு அலைஞ்சே எனக்கு நாக்கு வறண்டுபோச்சு."

"என்னைத் திட்டாம வந்தா வறளாது" என்பார் மாஸ்டர்.

வீட்டில் தனி ராஜாங்கம் தொடங்கியது. மாஸ்டருக்கு மூன்று வேளையும் அவித்த காய். பேக்கரியில் மிஞ்சும் கேக்கை முதலாளி சாயங்காலம் பெட்டியில் போட்டுக் கொடுப்பது வழக்கம். அதை வேண்டாம் என்று சொன்னால் முதலாளி காரணம் கேட்பார். அதனால் பெட்டி வந்துகொண்டுதான் இருந்தது.

"தூக்கிப் போட மனசு வரலை. கண் முன்னாடி இருந்தா உங்க கையும் சும்மா இருக்காது" என்று அவர் பங்கையும் சேர்த்து அவளே சாப்பிட்டுத் தீர்த்தாள். "உங்களுக்காகத்தான் சாப்பிடறேன், தெரிஞ்சுக்குங்க."

தன் கேக்கை வீட்டில் ஒருத்தராவது சாப்பிடுகிறாரே என்று மாஸ்டருக்கு உள்ளூர சந்தோஷம்கூட. நல்ல துண்டாகப் பார்த்து எடுத்து வரத் தொடங்கினார்.

அவ்வளவு சாப்பிட்டும் அவள் ரவிக்கை தொளதொளத்தது. "உங்க கவலையிலயே பாதியா ஆயிட்டேன்" என்றாள். "செலவில்லாம இளைக்கறே, விடு" என்றார் இவர். ராத்திரியில் நாலைந்து தடவை எழுந்து நடமாடினாள். குளிர்சாதனப் பெட்டிக்குக் காவல் போடுகிறாள் என்று மாஸ்டர் போர்வைக்குள் சிரித்துக்கொண்டார். அவள் வீட்டிலேயே திரைச்சீலை தைத்துக் கொடுப்பவள். "இந்த ஊசியில நூலைக் கோத்துக் குடுங்களேன்" என்று பகலில் பத்து முறை கூப்பிட்டாள். தன்னைக் கண்பார்வையிலேயே வைத்துக்கொள்ள இது ஒரு சாக்கு என்று நினைத்தார்.

மாஸ்டரின் கவலையெல்லாம் பயில்வான் மேல்தான். ஒரு நாள் ஜிம்முக்குப் போனபோது அவன் ஒரு சொம்பு வாழைப்பழ ஷேக்கை வாயில் கவிழ்த்துக்கொண்டிருந்தான். மாஸ்டர் பாய்ந்து பிடுங்கினார்.

"என்ன மாமா?"

"இதெல்லாம் பழைய முறை மாப்ள. இப்ப உடம்பு ஏத்தறவங்க எல்லாம் அவிச்ச காய்தான் சாப்பிடறாங்க. இந்தா!" என்று மனைவி கட்டிக் கொடுத்த டப்பாவை நீட்டினார். தன் தொல்லையும் தீர்ந்தது, அவன் சர்க்கரையும் இறங்கும். அவருடைய மூளைக்கு அவரே சபாஷ் போட்டுக்கொண்டார்.

பயில்வான் மறுபேச்சில்லாமல் சாப்பிட்டான். தினமும் சாப்பிட்டான். கொஞ்ச நாளில் அவன் தூக்கும் இரும்பு குறைந்தது, குரலும் இறங்கியது.

"களைப்பா இருக்கா மாப்ள?"

"ஆமா மாமா. படியேறினா தலை சுத்துது."

அவித்த காயை மட்டும் தின்றால் யானைக்கும் தலை சுற்றும் என்பது மாஸ்டருக்குத் தோன்றவில்லை. நோய் முற்றிவிட்டது என்றே நினைத்தார். தன் ஒரு பொய்யினால் ஒரு வாலிபன் சிகிச்சை இல்லாமல் கரைகிறானே என்று அன்று முழுக்க கேக்கில் ஒரு பூகூட நேராக வரவில்லை. இத்தனை நாளைக் கடத்தியதற்காகத் தன்னைத் தானே நொந்துகொண்டார். வீட்டுக்கு வந்ததும், "பக்கத்துலயே ஒரு டாக்டரம்மா இருக்காங்களாம். நாளைக்கே போயிடலாம். துணைக்கு உன் தம்பியையும் வரச் சொல்லு" என்றார்.

மறுநாள் கிளினிக் வாசலில் நின்று மனைவி இடுப்பில் கை வைத்தாள்.

"இது உங்க பேக்கரியோட பின்வாசல்தானே அங்க தெரியுது?"

"ஆமா."

"இத்தனை நாளும் இந்த போர்டு உங்க கண்ணுல படலையா?"

"அடுப்பு வேலை... புகை..."

"மின்சார அடுப்புல ஏதுங்க புகை?"

நல்லவேளையாக நர்ஸ் கூப்பிட்டாள். மாஸ்டரின் விரலில் குத்தி, சின்னக் கருவியில் வைத்துப் பார்த்தாள். பழைய ரிப்போர்ட்டைப் பார்த்தாள். மறுபடி கருவியைப் பார்த்தாள்.

"இப்போதைக்குச் சர்க்கரை நூத்திப் பத்து. இதுல நூத்தி நாப்பது வரைக்கும் பரவாயில்லை. நல்லாத்தானே இருக்கு!"

மனைவிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. நடுக்கூடத்திலேயே மாஸ்டரின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "அவிச்ச காய்ங்க! நான் சொல்லலை? இத்தனை நாளும் நீங்க எங்களை விட்டுட்டுப் போயிடுவீங்களோன்னு நான் ஒழுங்காத் தூங்கவே இல்லை." சிரித்துக்கொண்டே அழுதாள். "இப்பதான் மூச்சே வருது. இருங்க, பாட்டில்ல தண்ணி பிடிச்சுட்டு வந்துடறேன்."

அவள் தாழ்வாரத்தின் கோடியில் இருந்த குழாயை நோக்கி நடந்தாள். சேலை உடம்பில் நிற்காமல் தோளில் வழிந்தது. இப்படிப்பட்டவளையா இத்தனை நாள் ஏமாற்றினோம் என்று மாஸ்டருக்கு வெட்கமாக இருந்தது. இனி ஒரு நிமிடமும் பொறுக்க முடியாது.

"சிஸ்டர், அந்த ரிப்போர்ட் என்னோடது இல்லை. அது என் மைத்துனன் ரத்தம்." பயில்வானின் பக்கம் திரும்பினார். "மாப்ள, என்னை மன்னிச்சுடு. பதினொண்ணு உனக்குத்தான். முதல் நாளே சொல்லாம மறைச்சுட்டேன். ஊரெல்லாம் சுத்தவிட்டு நாளைக் கடத்தினதும் நான்தான்."

நர்ஸ் அவரை ஒரு பார்வை பார்த்தாள். "இதெல்லாம் விளையாட்டா சார்? இந்த அளவுல மருந்தில்லாம இருந்தா என்ன ஆகும்னு தெரியுமா?" புது ஊசியைப் பிரித்துக்கொண்டு பயில்வானிடம் வந்தாள். "கையை நீட்டுங்க."

பயில்வான் நீட்டவில்லை. ரிப்போர்ட்டை வாங்கி அந்த எண்ணைப் பார்த்தான். பிறகு தாழ்வாரத்தின் கோடியைப் பார்த்தான். அங்கே அவன் அக்கா பிடித்த தண்ணீரை நின்றபடியே குடித்து முடித்து, பாட்டிலை மறுபடியும் குழாயடியில் வைத்துக்கொண்டிருந்தாள். அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

"பயப்படாதே மாப்ள, ஒரு பொட்டு ரத்தம்தான்" என்றார் மாஸ்டர்.

"அன்னைக்கும் பயந்துதான் மாமா, ஜிம்முக்கு ரத்த டெஸ்ட் கேக்கறாங்கன்னு பொய் சொல்லி, எனக்குப் பதிலா அக்காவைக் கை நீட்டச் சொன்னேன்."